ஊர் மாறினால் பைக்கை விற்கத்தான் வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிமாநிலத்தில் வேலை உறுதியானதும் பல வீடுகளில் முதலில் விலை பேசப்படுவது வாசலில் நிற்கும் பைக்தான். சேர வேண்டிய நாளுக்குப் பத்து நாள் இருக்கையில் விற்றால் வாங்குபவர் சொல்வதுதான் விலை. வண்டியோடு சேர்ந்து ஏலகிரி, கொல்லிமலை, வால்பாறை என்று விடுமுறை நாள்களில் போய்வந்த பழக்கமும் கைவிட்டுப் போகிறது. விற்காதவர்களில் பாதிப்பேர் வண்டியை வீட்டிலேயே நிறுத்திவிட்டுப் போய், ஒன்றரை வருடம் கழித்துத் துருப்பிடித்த டேங்க்கோடு அதை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். இரண்டும் தேவையில்லாத இழப்பு. பைக் பழுதுபார்ப்பிலும் நெடுந்தூரப் பயணத்திலும் பழகியவர்கள் என்ற முறையில், வேலைக்காக ஊர் மாறும் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறோம். சற்று நீளம்தான். ஆனால் விவரம் இல்லாமல் எழுதி எந்தப் பயனும் இல்லை.

எவ்வளவு தூரம் போகிறோம் என்பதைவிட எத்தனை மாதம் இருக்கப் போகிறோம் என்பதையே முதலில் முடிவு செய்ய வேண்டும். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் வாங்க வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆவது பிரிவு. ஆறு மாதப் பயிற்சிக்கோ எட்டு மாத ஒப்பந்த வேலைக்கோ போகிறவர் எதையும் மாற்ற வேண்டியதில்லை. தமிழ்நாட்டுப் பதிவெண்ணோடு, நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், புகைச் சான்று, ஓட்டுநர் உரிமம், ஆர்.சி. ஆகியவற்றோடு தாராளமாக ஓட்டலாம். டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ காட்டினாலும் அது செல்லுபடியாகும். உரிமம் நாடு முழுதும் செல்லும். ஊர் மாறினால் முகவரியை மாற்றிக்கொண்டால் போதும்.

ஆனால் அந்த 12 மாதம் எந்த நாளிலிருந்து என்பதற்கு உங்கள் கையில் ஆதாரம் இருக்க வேண்டும். சோதனையில் நிறுத்தும் அதிகாரிக்கு, வெளியூர் எண் கண்ணில் பட்டதும் வண்டி நெடுநாளாக அங்கேயே ஓடுகிறது என்ற எண்ணம்தான் முதலில் வரும். காருக்குச் சுங்கச்சாவடி ரசீது இருக்கும். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் பைக்குக்குக் கட்டணம் இல்லாததால் அந்த ஆதாரமும் கிடையாது. ஆகவே ரயில் பார்சல் ரசீது அல்லது லாரி ரசீது, வேலையில் சேர்ந்த கடிதம், வாடகை ஒப்பந்தம் மூன்றையும் படம் எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். மாநில வரிச் சட்டங்கள் சில இடங்களில் இதைவிடக் கெடுபிடியானவை. போய் இறங்கிய ஊரின் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதல் மாதமே நேரில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு வருடத்துக்கு மேல் இருக்கப் போவது உறுதி என்றால் தடையின்மைச் சான்று, அதாவது என்.ஓ.சி., வாங்க வேண்டும். இங்கே பலர் செய்யும் தவறு, கிளம்புகிற அவசரத்தில் முதல் வேலையாக அதை வாங்கிவிடுவது. என்.ஓ.சி.யில் எந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போகிறது என்று குறிப்பிட வேண்டும். பெங்களூரு என்று பொதுவாகப் போட முடியாது. கோரமங்கலா அலுவலகம் கே.ஏ. 01, எலக்ட்ரானிக் சிட்டி கே.ஏ. 51. குடியேறும் வீடு எந்த எல்லையில் வருகிறது என்று தெரியாமல் ஒன்றைப் போட்டுவிட்டு, பிறகு வேறு பகுதியில் வீடு கிடைத்தால், அங்கே பயன்படுத்தவில்லை என்று அந்த அலுவலகத்தில் எழுதி வாங்கி வந்து, இங்கே ரத்து செய்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். என்.ஓ.சி. கொடுத்த பிறகு பழைய அலுவலகத்தில் அந்த வண்டிக்கு வேறு எந்தச் சேவையும் நடக்காது. நடுவில் விற்கக்கூட முடியாமல் தொங்கும். அதனால் முதல் ஐந்தாறு மாதம் பழைய எண்ணிலேயே ஓட்டுங்கள். வீடு நிலையானதும், ஊருக்கு வரும் ஒரு விடுமுறையில் விண்ணப்பியுங்கள். 12ஆம் மாதம் முடிவதற்குள் புதிய எண் வாங்கப் போதிய நேரம் இருக்கும்.

விண்ணப்பம் படிவம் 28. அதில் வண்டியின் உடலில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து ஒட்ட வேண்டும். பெரும்பாலான பைக்குகளில் சேசிஸ் எண் ஹேண்டில் தண்டுக்குப் பக்கத்தில், ஃபிரேமின் கழுத்தில் இருக்கும். அந்த இடத்தில் கிரீஸும் மண்ணும் படிந்து எண்ணை மூடியிருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, மெல்லிய தாளை ஒட்டி, பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்தால் எண் தெளிவாக விழும். கம்பி பிரஷ்ஷோ உப்புத்தாளோ போட்டுவிடாதீர்கள். எண் தேய்ந்தால் எண்ணைத் திருத்திய வண்டி என்று சந்தேகம் வரும், அப்படி இல்லை என்று நிரூபித்து வெளியே வருவது பெரும்பாடு. கடனில் வாங்கிய வண்டி என்றால் நிதி நிறுவனத்தின் சம்மதக் கடிதம் வேண்டும். கடன் முடிந்திருந்தாலும் ஆர்.சி.யில் அவர்கள் பெயர் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் படிவம் 35 கொடுத்து முதலில் அதை நீக்க வேண்டும். கட்டாத இ-சலான் ஒன்று இருந்தாலும் விண்ணப்பம் நகராது. வண்டி மீது திருட்டு வழக்கு இல்லை என்ற காவல்துறை அறிக்கையும், வரி பாக்கி இல்லை என்ற சரிபார்ப்பும் முடிந்த பிறகே சான்று வரும்.

பலருக்கும் தெரியாத ஒரு சங்கதி இதில் உண்டு. 48ஆவது பிரிவின்படி விண்ணப்பம் பெற்ற 30 நாளுக்குள் அலுவலகம் சான்று தர வேண்டும், அல்லது காரணத்தை எழுத்தில் சொல்லி மறுக்க வேண்டும். இரண்டும் செய்யாமல் 30 நாள் கடந்தால் சான்று தரப்பட்டதாகவே சட்டம் கருதுகிறது. ஆகவே விண்ணப்பித்த நாளுக்கான ஒப்புகைச் சீட்டை விடாமல் வாங்கி வையுங்கள்.

புதிய ஊரில் படிவம் 27 கொடுத்து, வண்டியை நேரில் காட்டி, அந்த மாநிலத்தின் ஆயுட்கால வரியை வண்டியின் வயதுக்கு ஏற்பக் கட்டினால் புதிய எண் வரும். உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டும் புதிதாக மாட்ட வேண்டும். அதன் பிறகு தமிழ்நாட்டில் ஏற்கெனவே கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திருப்பிக் கேட்கலாம். இதைக் கேட்காமல் விடுகிறவர்கள் ஏராளம். 2023 நவம்பரிலிருந்து இங்கே புதிய பைக்குக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை 10 சதவீதமும் அதற்கு மேல் 12 சதவீதமும் வரி. இரண்டு லட்ச ரூபாய் வண்டிக்கு 24,000 ரூபாய். இரண்டே வருடத்தில் ஊர் மாறுகிறவருக்கு அதில் பெரும்பகுதி மிச்சக் காலத்துக்கு உரியது. அசல் வரி ரசீது, என்.ஓ.சி. நகல், புதிய ஆர்.சி. நகல், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றோடு பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

அடிக்கடி மாற்றல் வரும் வேலை என்றால் பி.எச். வரிசை எண்ணைப் பற்றி யோசிக்கலாம். 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. மத்திய, மாநில அரசு ஊழியர்கள், பாதுகாப்புப் படையினர், பொதுத்துறை ஊழியர்கள், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்கள் ஆகியோருக்கு உரியது. தனியார் ஊழியர் நிறுவனத்திடம் பணிச் சான்றான படிவம் 60 வாங்கித் தர வேண்டும். வரி இரண்டிரண்டு ஆண்டுகளுக்குக் கட்டினால் போதும். மாநிலம் மாறினால் மறுபதிவு வேண்டாம். எல்லா மாநில அலுவலகங்களும் இதை ஒரே மாதிரி நடைமுறைப்படுத்துவதில்லை என்பதால், வண்டி புக் செய்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

மறுபதிவுக்கு வண்டியைக் காட்டப் போகும்போது அது நிறுவனத்திலிருந்து வந்த கோலத்தில் இருக்க வேண்டும். சத்தமான சைலன்சர், மாற்றிய ஹேண்டில், கூடுதல் எல்.இ.டி. விளக்கு, மாற்றிய நிறம் எல்லாம் அங்கே கேள்விக்கு வரும். ஆர்.சி.யில் உள்ள நிறமும் கண்ணில் தெரியும் நிறமும் வேறாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அனுமதி இல்லாமல் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டுமே என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் சொல்கிறது. பழைய சைலன்சரை எடைக்குப் போட்டுவிட்டவர்கள் அப்போதுதான் அதன் அருமையை உணர்கிறார்கள். கழற்றிய அசல் பாகம் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

பழைய வண்டிப் பிரியர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆர்.எக்ஸ். 100, யெஸ்டி, பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் டெல்லி, குர்கான், நொய்டா பக்கம் மாற்றலாகிப் போகையில் அதை உடன் எடுத்துச் செல்வதைத் தவிர்ப்பது நல்லது. 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டி ஓடக் கூடாது என்ற உத்தரவு அந்த வட்டாரத்தில் 2018இல் உச்ச நீதிமன்றம் வரை உறுதியானது. பிறகும் அது பலமுறை விவாதத்துக்கு வந்திருக்கிறது. எடுத்துப்போன பிறகு பறிமுதல் என்று வந்தால் அந்த வண்டிக்கு ஈடு கிடையாது. விண்டேஜ் என்ற தனிப் பதிவு 50 ஆண்டு தாண்டியவற்றுக்குத்தான், ஆர்.எக்ஸ். 100 வந்ததே 1985இல். அதை ஊரிலேயே ஒழுங்காக நிறுத்தி வைப்பதுதான் புத்திசாலித்தனம். எப்படி என்று பின்னால் சொல்கிறோம்.

இனி வண்டியைக் கொண்டுபோகும் வழி. ஒரு நாள் தூரம் என்றால் ஓட்டிப் போவதே மேல். சென்னையிலிருந்து பெங்களூரு சுமார் 350 கிலோமீட்டர்தான். புனே, ஐதராபாத் போன்ற ஊர்களுக்கு ரயிலைப் பாருங்கள். ரயிலில் இரண்டு வகை உண்டு. நீங்கள் பயணம் செய்யும் அதே ரயிலில் டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாக ஏற்றலாம். டிக்கெட் இல்லாமலேயே பார்சலாகவும் அனுப்பலாம். பார்சலில் கட்டணம் குறைவு, ஆனால் இடம் இருக்கும் ரயிலில் வரும், ஒன்றிரண்டு நாள் முன்பின் ஆகலாம். இரண்டுக்கும் பார்சல் ஆபீஸில்தான் வேலை. ஆர்.சி. நகல், அடையாள அட்டை நகல் வேண்டும். கட்டணம் எடைக்கும் தூரத்துக்கும் ஏற்ப வரும். கிளாசிக் 350 போன்ற வண்டி 195 கிலோ. அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சில நிமிடமே நிற்கும் சிறு நிலையங்களுக்குப் புக் செய்ய முடியாது. பெரிய நிலையத்துக்குப் போட்டு அங்கிருந்து ஓட்டிப் போக வேண்டும்.

பெட்ரோலை முழுதாக வடிக்காமல் ஏற்றுவது குற்றம். ரயில்வே சட்டம் 164ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே விதிக்கலாம். கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் குழாயைக் கழற்றி, டேப்பைத் திறந்து டின்னில் பிடிக்கலாம். பிறகு கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் திருகையும் திறந்து மீதியை வடிக்க வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பின் பி.எஸ். 6 என்ற புகை விதிப்படி வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் டேப்பே கிடையாது. கைப்பம்ப் வைத்த குழாயால் மூடி வழியாக உறிஞ்சி எடுங்கள். வாயால் உறிஞ்சவே கூடாது. பெட்ரோல் நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. இன்ஜினை ஓடவிட்டுப் பெட்ரோலைக் காலி செய்வதும் தவறு. டேங்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர வைப்பதே பெட்ரோல்தான், அது இல்லாமல் ஓடினால் பம்ப் சூடேறிப் பழுதாகும்.

பேக்கிங் செய்ய நிலைய வாசலிலேயே ஆள் இருப்பார்கள். சாக்கும் வைக்கோலும் வைத்துத் தைத்துக் கொடுப்பார்கள். அவர்களிடம் விடுவதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது சில உண்டு. கண்ணாடி இரண்டையும் கழற்றுங்கள். கிளட்ச், பிரேக் லீவர்களைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள். வண்டி சாய்ந்து இடித்தால் லீவர் உடையாமல் சுழன்று கொடுக்கும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி டேப் சுற்றுங்கள். டேங்க்குக்கு மேல் ஃபோம் ஷீட், அதற்கு மேல் அட்டை, அதன் பிறகே சாக்கு. சாக்கு நேராகத் தொட்டால் பெயின்ட் தேய்ந்துவிடும். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்டில் லாக் போடாமல் விடுங்கள். பூட்டியிருந்தால் சுமைதூக்குவோர் வண்டியைத் தரையில் இழுத்துத்தான் கொண்டுபோவார்கள். புறப்படும் நிலையம், சேரும் நிலையம், பெயர், போன் எண் ஆகியவற்றை அட்டையில் அழியாத மையில் எழுதி முன்னும் பின்னும் கட்டுங்கள். வண்டியின் மதிப்பை எழுதிக் கொடுத்து அதற்கான சதவீதக் கட்டணத்தைக் கட்டுங்கள். கட்டாவிட்டால் சேதத்துக்கு ரயில்வே தரும் தொகை எடைக்கணக்கில் மிகச் சிறிது. சேர்ந்த இடத்தில் இலவசமாக வைத்திருக்கும் நேரம் மணிக்கணக்கில்தான். தாமதமானால் வாடகை ஏறும்.

லாரியில் அனுப்புகிறவர்கள் கட்டுகிற முறையைக் கூட இருந்து பார்க்க வேண்டும். ஹேண்டிலில் கயிறு போட்டு இழுத்துக் கட்டினால் ஹேண்டில் வளையும். முன் ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கீழ்த் தட்டில் இருபுறமும் பட்டை போட்டு, ஃபோர்க் பாதி அளவு அமுங்கும்வரை மட்டும் இறுக்க வேண்டும். முழுதாக அமுக்கிக் கட்டி இரண்டு நாள் போனால் ஆயில் சீல் கசியும். முன்சக்கரம் மரக்கட்டை இடுக்கில் நிற்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் நிறுத்திக் கட்டினால் ஸ்டாண்டு பிடித்திருக்கும் இடம் ஃபிரேமோடு வளைந்துவிடும். ஏற்றுவதற்கு முன் நான்கு புறமும், மீட்டர் அளவையும் படம் எடுங்கள். நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. எண், லாரி ரசீது இல்லாமல் வண்டியைக் கொடுக்காதீர்கள். பாதி வழியில் நிறுத்தி வைத்துக் கூடுதல் பணம் கேட்கும் ஏமாற்று, ரசீது இல்லாத இடத்தில்தான் நடக்கிறது.

இன்னொன்று. உங்கள் பைக்குக்கு முழுக் காப்பீடு இருந்தால், சாலை, ரயில், நீர்வழி, விமானம் வழியாகக் கொண்டுபோகும்போது ஏற்படும் சேதமும் அந்தப் பாலிசியிலேயே அடங்கும். அதற்கென்று தனியாக டிரான்சிட் இன்சூரன்ஸ் வாங்கச் சொல்லி நெருக்குவார்கள். முதலில் கையில் உள்ள பாலிசியைப் படியுங்கள். சேதம் தெரிந்தால் ரசீதில் எழுதி, படம் எடுத்து, வண்டியைச் சரிசெய்வதற்கு முன்பே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். முகவரி மாற்றத்தையும் அப்போதே பதிவு செய்யுங்கள். சென்னை, பெங்களூரு, மும்பை, டெல்லி, கொல்கத்தா, ஐதராபாத், புனே, அகமதாபாத் ஆகிய எட்டு நகரங்களும் பிரீமியக் கணக்கில் ஒரு மண்டலம், மற்ற ஊர்கள் வேறு.

வண்டி வந்து இறங்கியதும் பேட்டரியை மாட்டி, மூன்று லிட்டராவது பெட்ரோல் ஊற்றுங்கள். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் சாவியை ஆன் செய்து, பம்ப்பின் ரீங்காரம் நிற்கும்வரை இரண்டு மூன்று விநாடி விட்டு, ஆஃப் செய்யுங்கள். நான்கு முறை இப்படிச் செய்தால் குழாயில் காற்று போய் அழுத்தம் வரும். அதன் பிறகே ஸ்டார்ட்டரை அழுத்த வேண்டும். லீவர் போல்ட்டுகளை இறுக்க மறந்துவிடாதீர்கள்.

எடுத்துப்போக முடியாதவர்கள், குறிப்பாக வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள், வண்டியை வீட்டில் விட்டுப் போகிறார்கள். வண்டிகள் அதிகம் பாழாவது இங்கேதான். "தினமும் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைங்கப்பா" என்று அப்பாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது நம் ஊர் வழக்கம். அந்த ஐந்து நிமிடம்தான் இன்ஜினைக் கெடுக்கிறது. பெட்ரோல் எரியும்போது நீராவி உண்டாகிறது. இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்தால் அது வெளியேறிவிடும். ஐந்து நிமிடத்தில் சூடு வராது. நீர் ஆயிலோடு கலந்து அதைப் பால்நிறக் குழம்பாக்கும், சைலன்சருக்குள் தங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் எடுத்த மின்சாரத்தைக்கூட ஐடிலில் ஓடும் இன்ஜின் பேட்டரிக்குத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஓட்ட ஆள் இருந்தால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 15, 20 கிலோமீட்டர் நன்றாக ஓட்டி வரச் சொல்லுங்கள். ஆள் இல்லை என்றால் ஸ்டார்ட்டே செய்ய வேண்டாம், முறையாக நிறுத்திவிட்டுப் போங்கள்.

ஓட்டுகிற ஆள் யார் என்பதும் முக்கியம். 18 வயது நிறையாத தம்பி எடுத்துப் போனால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி உரிமையாளர் அல்லது பாதுகாவலருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. நீங்கள் துபாயில் இருந்தாலும் ஆர்.சி. உங்கள் பெயரில்தான் இருக்கிறது.

முறையாக நிறுத்துவது அரை நாள் வேலை. முதலில் இன்ஜின் ஆயிலை மாற்றுங்கள். ஓடிய ஆயிலில் அமிலத்தன்மை ஏறியிருக்கும், அது மாதக்கணக்கில் பேரிங்குகளின் மேல் நின்றால் அரிக்கும். புது ஆயில் ஊற்றி ஒரு ஐந்து கிலோமீட்டர் ஓட்டி எல்லா இடத்துக்கும் பரவவிட்டு நிறுத்துங்கள். அடுத்தது பெட்ரோல். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஓரளவுக்கு மேல் ஈரம் சேர்ந்ததும் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும். துரு தொடங்குவது அங்கே. பாதி டேங்க்கோடு நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் மோசம். காலியாக உள்ள பாதியில் ஈரக்காற்று புழங்கும். மூன்று மாதத்துக்கு உட்பட்டது என்றால் கழுத்துவரை நிரப்பி நிறுத்துங்கள். கார்புரேட்டர் வண்டியில் டேப்பை மூடி, கிண்ணத்தை வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பெட்ரோல் ஆவியாகிப் பழுப்புப் பசை படிந்து, மயிரிழை துளையுள்ள பைலட் ஜெட் அடைத்துக்கொள்ளும். வண்டி ஸ்டார்ட் ஆகும், ஐடிலில் நிற்காது என்ற புகாரோடு வரும் வண்டிகளில் பெரும்பாலும் இதுதான் காரணம். அதற்கும் மேல் நீண்ட காலம் என்றால், கார்புரேட்டர் வண்டியின் டேங்க்கை முழுதாக வடித்து, 100 மில்லி இன்ஜின் ஆயிலை உள்ளே ஊற்றி எல்லாப் பக்கமும் படும்படி சாய்த்துச் சுழற்றி மிச்சத்தை வடியுங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் இதைச் செய்யக் கூடாது, பம்ப்பும் வடிகட்டியும் உள்ளேயே இருக்கின்றன. அதற்கு நிரம்பிய டேங்க்கும், பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் திரவமும்தான் வழி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பழைய பெட்ரோலை எடுத்துவிட்டுப் புதிது ஊற்ற ஓர் ஆளை ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, இன்ஜின் ஆயில் விட்டு, பிளக்கை மாட்டாமல் கையாலோ காலாலோ நான்கைந்து முறை இன்ஜினைச் சுழற்றுங்கள். சிலிண்டர் சுவரில் எண்ணெய்ப் படலம் படிந்து ரிங்குகள் ஒட்டாமல் இருக்கும். பிறகு பிளக்கை மாட்டிவிடுங்கள். செயினை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து 90 கிரேடு கியர் ஆயில் தடவுங்கள். ரப்பர் வளையங்கள் உள்ள ஓ-ரிங் செயினில் பெட்ரோல் படக் கூடாது, ரப்பர் வெடித்துவிடும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரம் தரையைத் தொடாதபடி இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை கொடுங்கள். அது முடியாவிட்டால் டயரில் ஐந்து பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காற்றடித்து, மாதம் ஒருமுறை சக்கரத்தைக் கால் சுற்று நகர்த்தச் சொல்லுங்கள்.

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். நெகட்டிவ் முதலில், பாசிட்டிவ் பிறகு. முழு சார்ஜில் 12.7 வோல்ட் காட்டும். 12.4க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் போட வேண்டும், 12 வோல்ட்டில் மாதக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து மீளாது. 9 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கு 0.9 ஆம்பியருக்கு மேல் சார்ஜ் கொடுக்கக் கூடாது. கார் பேட்டரி சார்ஜரில் போட்டு வேகமாக ஏற்றிக் கெடுத்துவிடுவதும் நடக்கிறது.

மூடுவதற்குப் பிளாஸ்டிக் கவர் வேண்டாம். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றோடு ஈரத்தையும் உள்ளே பூட்டி வைத்ததாகிவிடும். பழைய பருத்திப் போர்வை போதும், அதன் மேல் தளர்வாக ஒரு கவர். எலிக்குப் பிடித்த இடம் ஏர் ஃபில்டர் பெட்டி. சைலன்சர் வாயையும் ஏர் ஃபில்டர் வாயையும் சிவப்புத் துணியால் அடைத்து, அதை மறக்காமல் எடுக்கச் சொல்லி ஹேண்டிலில் சீட்டு கட்டுங்கள்.

நிறுத்தி வைத்த வண்டிதானே என்று இன்சூரன்ஸை விட்டுவிடாதீர்கள். காலாவதியாகி 90 நாள் கடந்தால் சேர்த்து வைத்த நோ கிளெயிம் போனஸ் போய்விடும். ஐந்து வருடம் விபத்துக் கோரிக்கை இல்லாமல் ஓட்டியவருக்கு அது 50 சதவீதத் தள்ளுபடி. விற்றேதான் ஆக வேண்டும் என்றால், போனஸைத் தக்கவைக்கும் கடிதத்தை இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். மூன்று ஆண்டுக்குள் வாங்கும் அடுத்த வண்டிக்கு அது செல்லும். விற்ற வண்டியின் ஆர்.சி. பெயர் மாறியதை நீங்களே இணையத்தில் பார்த்து உறுதி செய்யும்வரை ஊரைவிட்டுக் கிளம்பாதீர்கள்.

புதிய ஊரில் முதலில் மாறுவது பருவம். சென்னைக்காரருக்கு மழை என்றால் அக்டோபரும் நவம்பரும். புனே, மங்களூரு பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. தாம்ஹினி மலைப்பாதை, ஆகும்பே, சார்மாடி எல்லாம் அப்போதுதான் பச்சையாக இருக்கும், மண்சரிவும் பாசி வழுக்கலும் அப்போதுதான். டயர் தேய்மானக் குறி தெரியத் தொடங்கியிருந்தால் மே மாதமே மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும்; இரண்டு வருடம் ஆனது என்றால் மலை இறக்கத்தில் கொதித்து பிரேக் மிருதுவாகிவிடும். முதல் மலைப்பயணத்துக்கு முன் அதை மாற்றுவது கட்டாயம்.

சாலை விதிகளும் மாறும். பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் நடுப்பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக் போகக் கூடாது, சர்வீஸ் சாலைதான். மும்பை–புனே விரைவுச்சாலையிலும் ஐதராபாத் வெளிவட்டச் சாலையிலும் பைக்குக்கு அனுமதி இல்லை. பந்திப்பூர் வழியாக இரவு 9 முதல் காலை 6 வரை போக முடியாது. 27 கொண்டை ஊசி வளைவுள்ள திம்பம் மலைப்பாதையிலும் இரவுத் தடை உண்டு. வெள்ளிக்கிழமை வேலை முடித்து பெங்களூருவிலிருந்து ஊட்டிக்குக் கிளம்புகிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்காமல் சோதனைச் சாவடியில் இரவைக் கழிக்கிறார்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். காட்டுக்குள் மண்பாதை தெரிகிறது என்று வண்டியை இறக்கிவிடாதீர்கள். சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வண்டியையே பறிமுதல் செய்வார்கள். யானை நடமாடும் இடத்தில் சைலன்சர் சத்தத்தோடு திரிவது நம் பொழுதுபோக்குக்கே கெட்ட பெயர்.

அரசுக்கும் ரயில்வேக்கும் உங்கள் நாளிதழ் வழியாக இரண்டு வேண்டுகோள். புதிய மாநிலத்தில் பதிவானதும் அரசின் வாகனப் பதிவு இணையதளமான வாகன் தளத்திலேயே அது தெரிந்துவிடுகிறது. மிச்சமுள்ள வரியைத் திரும்பப் பெற உரிமையாளர் மறுபடி தன் ஊருக்கு வந்து மனுக் கொடுக்க வேண்டிய அவசியம் என்ன? அந்தத் தளத்தின் வழியாகவே வங்கிக் கணக்கில் சேர்க்க வழி செய்ய வேண்டும். இரண்டாவது, தமிழ்நாட்டுப் பார்சல் ஆபீஸ்களில் பைக்குக்கான கட்டணம், மதிப்பு அறிவிப்பு, இலவச நேரம், தாமத வாடகை ஆகியவற்றைத் தமிழில் பெரிய எழுத்தில் வாசலில் எழுதி வைக்க வேண்டும். முதல்முறை வருகிற 22 வயதுப் பையன் இடைத்தரகரிடம் போய் நிற்பது, இந்த விவரம் எங்கேயும் எழுதப்படாததால்தான்.

இப்படிக்கு,
இருசக்கர வாகனம் பழுதுபார்க்கும் வாசகர்கள் இருவர்,
ஓசூர்.